கூட்டு அரங்கில் இடம் வாங்கவிருக்கும் குவில்ட் வடிவமைப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் அடுக்குப் போர்வை) பேட்டர்ன்களை, அதாவது அதைத் தைப்பதற்கான படங்களும் செய்முறையும் கொண்ட தாள்களை, வரைந்து, தாமே அச்சிட்டு விற்கும் என்னைப் போன்ற சிறு வடிவமைப்பாளர்களைக் குறிவைத்து, வணிகக் கண்காட்சிகளில் "கூட்டு அரங்கு" என்ற பெயரில் இடம் விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் பணம் கட்டி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த குவில்ட் மார்க்கெட் என்ற வணிகக் கண்காட்சிக்குச் சென்று வந்த அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தக் கண்காட்சியில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்கான குவில்ட் திருவிழா அதையடுத்து அதே ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் தனியாக நடந்தது. மார்க்கெட்டுக்கு வருபவர்கள் துணிக்கடை உரிமையாளர்களும் விநியோகஸ்தர்களும் துணி நிறுவனத்தாரும்தான். ஆகவே ஒரு வடிவமைப்பாளர் அங்கிருந்து கொண்டுவர வேண்டியது கல்லாப் பணத்தை அன்று, எந்தக் கடை எந்தப் பேட்டர்னை எத்தனை பிரதிகள் கேட்டது என்று எழுதிய ஆர்டர் தாள்களைத்தான். பேட்டர்னின் அட்டையில் அச்சிட்ட விலையில் ஏறத்தாழப் பாதிக்குக் கடைகளுக்கும், அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு விநியோகஸ்தர்களுக்கும் கொடுக்கும் இந்தத் தொழிலில், முதல் ஆர்டரில் செலவு கழிவதே அரிது. அதே கடை மறுபடி மறுபடி வாங்கும்போதுதான் நாலு காசு மிஞ்சும்.

பத்தடிக்குப் பத்தடி அரங்கில் ஒரு பங்கு, கண்ணில் படும் இடத்தில் என் இரண்டு மாதிரிக் குவில்ட்கள், பேட்டர்ன்களுக்கு ஒரு தாங்கி, ஆர்டர் எழுத ஆள் என்பவை எனக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதிகள். பெயர்ப்பலகையிலும் கண்காட்சிக் கையேட்டிலும் தரகரின் நிறுவனப் பெயர் மட்டுமே இருந்தது. குவில்ட்களில் ஒன்று துணிச்சுருள்களுக்குப் பின்னால் பாதி மறைந்து தொங்கியது. மற்றொன்று பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. சரக்கு இறங்கும் இடத்திலிருந்து அரங்கு வரை கொண்டு சேர்ப்பதற்கு இத்தகைய கண்காட்சிகளில் நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் தரகரின் கனத்த துணிச்சுருள்களுக்கான கட்டணமும், ஒரே ஒரு சிறு பெட்டி அனுப்பியிருந்த என் தலையில் சமபங்காக விழுந்தது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் கடைசி நாள் மாலை என் ஆர்டர் தாள்களைக் கேட்டபோது, அவை அரங்கின் உரிமையாளருக்கே சொந்தம் என்றும், கடைகளுக்குத் தானே சரக்கு அனுப்பிவிட்டு எனக்கு விநியோகஸ்தர் விலையைத் தருவதாகவும் தரகர் சொன்னார். அதாவது, என் செலவில் தனக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டார். விற்காமல் மீந்த பிரதிகளைத் திருப்பிக் கேட்டதற்கு, லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுற்றித் துணிப்பட்டைகளை அடுக்கும் மரபு வடிவம்) போன்ற பழைய குவில்ட் கட்டங்கள் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று பதில் வந்தது. கட்டம் பொதுச்சொத்துதான், ஆனால் நான் வரைந்த படங்களும் எழுதிய செய்முறையும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்பது இத்தொழிலில் இருக்கும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது. குவில்ட்கள் பின்னர் ஈரத்தோடு மடிக்கப்பட்டு வந்து சேர்ந்தன. சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கியிருந்தது.

அமைப்பாளர்களைக் குறை சொல்ல இதில் இடமில்லை. அரங்கு எடுத்தோர் பதிவேட்டில் இல்லாத ஒருவருக்காக அவர்கள் எப்படித் தலையிட முடியும்? எடுத்த அரங்கை அனுமதியின்றிப் பிறருக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது என்பது பெரும்பாலான கண்காட்சி ஒப்பந்தங்களில் உள்ள விதி. எனவே கூட்டு அரங்குக்கு அழைப்பு வந்தால், தரகரின் வார்த்தையை நம்பாமல், அமைப்பாளருக்கே நேரடியாக எழுதி, பகிர்வுக்கு அனுமதி உண்டா, உங்கள் பெயர் கையேட்டில் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் தாளின் நகல் அன்றன்று மாலையே உங்கள் கைக்கு வரும் என்பதும், சரக்குக் கட்டணம் எடைக்கேற்பவே பிரிக்கப்படும் என்பதும், மாதிரிகள் சேதமானால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வராத வரை முன்பணம் அனுப்பாதீர்கள். தாங்கியில் வைக்கும் தாள்களில் உங்கள் முகவரியும் மின்னஞ்சலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். என்னை நேரடியாகத் தேடிவந்த ஓரிரு கடைகள் அப்படித்தான் வந்தன.

மற்ற கடைகளின் பெயர்கள் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தரகரோ அடுத்த கண்காட்சிக்கான அழைப்பைப் புதிய வடிவமைப்பாளர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்.