ஏற்காட்டு மலைப்பாதையில் 14 ஆண்டுகள்: பழைய பிக்கப் வண்டியின் செலவுக் கணக்கு

2011-ல் புதிதாக வாங்கிய என் பிக்கப் வண்டி இதுவரை 2,41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் ஓடியதுதான். நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் உண்டு. சொந்த லோடு போக, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் மிளகு, ஆரஞ்சு, பலா, மலைவாழை எல்லாம் இந்த வண்டியில் சேலத்துக்கு இறங்கும். திரும்பும்போது உரம், சிமெண்ட், அரிசி மூட்டை ஏறும். வாரத்துக்கு ஐந்து நடை.

வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், வேலை, தொகை என்று எழுதி வருகிறேன். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. பழைய பிக்கப்பை வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்வதைவிட அந்த நோட்டில் இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

கடந்த 12 மாதங்களில் வண்டி 17,000 கிலோமீட்டர் ஓடியது. டீசல் மட்டும் 1,43,000 ரூபாய். சராசரியாக லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைக்கிறது. லோடுடன் மலை ஏறும்போது எட்டுக்குக் கீழே போய்விடும், இறங்கும்போது அதை ஈடுகட்டும். டீசல் நீங்கலாக மற்ற செலவு 86,000 ரூபாய். இன்சூரன்ஸ் 18,000, எஃப்.சி.க்கான (வண்டியின் தகுதிச் சான்றுக்கான) பெயிண்ட், டிங்கர் வேலை, ஒளிரும் பட்டை, கட்டணம் எல்லாம் சேர்த்து 14,000, பின் டயர் இரண்டு 11,600, கிளட்ச் 11,500, பிரேக் 9,400, ஆயிலும் ஃபில்டரும் 7,200, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை 6,500, சில்லறை வேலைகள் 7,800. கிலோமீட்டருக்கு டீசல் 8 ரூபாய் 40 காசு, மற்றவை 5 ரூபாய். டிரைவர் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன்.

இந்தப் பட்டியலில் பிரேக்குக்கு ஆன 9,400 ரூபாயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து கீழே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கம். லோடும் வண்டியும் சேர்ந்து 2,800 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்திலிருந்து நிதானமாகக் கீழே கொண்டுவரும்போது வெளியேற வேண்டிய வெப்பம், முக்கால் லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். முக்கால் மணி நேரத்தில் அந்த வெப்பம் முழுவதும் பிரேக் வழியாகவோ என்ஜின் வழியாகவோ போயாக வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்களை இன்றும் பார்க்கிறேன். மனம் பதறுகிறது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக மிச்சமும் இல்லை, உயிருக்கு உத்தரவாதமும் இல்லை.

எனக்கு அது உறைத்தது 2016-ல். ஜனவரி மாதம், காபி மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கத்தில் ஒரு கருகல் வாடை. முன்னால் போகும் பஸ்ஸில் இருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடலை மிதித்தபோது பஞ்சை மிதித்ததுபோலக் கால் பாதி வரை இறங்கியது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்து, முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. அவ்வளவு அனல். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து, அப்படியே கோரிமேட்டில் என் மெக்கானிக் பட்டறையில் விட்டேன்.

அவர் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியின் நுனியை பிரேக் ஆயிலில் தொட்டு என்னிடம் காட்டினார். டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. "இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் அண்ணா?" என்று கேட்டார். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட மாற்றவில்லை, குறையும்போது ஊற்றி மட்டும் வந்திருக்கிறேன். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் சேரும். பெடல் அந்தக் குமிழ்களைத்தான் அழுத்தும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங்கை அல்ல. மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் ஏற்காட்டில் ஈரத்துக்குப் பஞ்சமா?

அன்று முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் வடித்து மாற்றுகிறேன், டாட் 4 ஊற்றுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, பாதை திறந்த பிறகு அந்தச் சேற்றில் ஓடிய நான்கு நடையிலேயே டிரம்முக்குள் செம்மண் குழம்பு புகுந்து லைனிங்கை அரம்போல அராவியிருந்தது. கழற்றிப் பார்த்திராவிட்டால் தெரிந்தே இருக்காது. லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ் ஆகிய மூன்றிலும் விலை குறைந்த சரக்கை நான் தொடுவதில்லை. ஒருமுறை ஒரு கடையில் கம்பெனிச் சரக்கு என்று கொடுத்த லைனிங் எட்டாயிரம் கிலோமீட்டரில் பெயர்ந்து வந்துவிட்டது. அட்டைப் பெட்டி மட்டும்தான் கம்பெனியுடையது.

கதவு, கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்குவதில் தவறே இல்லை. என் இடப்பக்கக் கதவு வேறொரு வண்டியுடையது, ஆறு ஆண்டுகளாக நன்றாகத்தான் மூடுகிறது. நிறுத்துவது, திருப்புவது, சக்கரத்தைத் தாங்குவது ஆகிய வேலைகளைச் செய்யும் பாகங்களுக்குப் புதுச் சரக்கு, அதுவும் ரசீதோடு.

அடுத்து ரேடியேட்டர். நோட்டில் ஒரே தடவையில் எழுதிய மிகப் பெரிய தொகை 38,000 ரூபாய், 2019 மே மாதம். அந்த வெயிலில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஏறினேன். மூன்று முறை இப்படிச் செய்தேன். அதுதான் பெரும் பிழை. ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்து, லேத்தில் கொடுத்துத் தேய்த்து, திருப்பிப் பூட்டி வண்டி வெளியே வர 11 நாள் ஆனது.

ஆனால் காரணம் அந்த ஒரு நாளில் இல்லை. பட்டறையில் ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்தபோது, வெந்நீர் போடும் பழைய பாத்திரத்தின் அடியில் படிந்திருக்குமே, அதேபோல வெள்ளைக் காரை. குழாய்களில் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. எட்டு ஆண்டுகளாக சேலத்தில் லோடு இறக்கும் இடத்தில் கிடைக்கும் போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சோப்பு நுரைக்காது. கூலன்ட் விலை அப்போது 600 ரூபாய்கூட இல்லை. அதை மிச்சம் பிடித்ததற்குத்தான் அந்த 38,000. இப்போது கூலன்ட்டும் வாலை வடிநீரும் (டிஸ்டில்டு வாட்டர்)தான். கூடவே ஆண்டுக்கு ஒருமுறை ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்ப்பேன், மெத்தென்று உப்பினாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுவேன்.

கிளட்ச் பற்றி ஒரு விஷயம். என் கையில் ஒரு கிளட்ச் செட் 60,000 கிலோமீட்டர் தாங்கும். இடையில் ஒன்றரை ஆண்டு அக்கா மகன் ஓட்டினான், நல்ல பையன், கவனமாகத்தான் ஓட்டுவான். ஆனால் அந்த செட் 31,000-ல் போய்விட்டது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதுதான் காரணம் தெரிந்தது. வளைவில் எதிரே பஸ் வந்தால், ஹேண்ட் பிரேக் போடாமல் பாதி கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் பிடித்து நிறுத்துகிறான். "பின்னால் உருண்டுவிடுமோ என்று பயம் மாமா" என்றான். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருந்ததுதான் அவன் பயத்துக்கு மூலம். அதை அன்றே இறுக்கிக் கொடுத்தேன், 250 ரூபாய். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஆனால் விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே மலையில் ஹேண்ட் பிரேக் நன்றாக இருந்தாலே கிளட்ச் ஆயுள் கூடிவிடும்.

டயரில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முன் டயர்கள் வளைவுகளில் வெளி ஓரம் தேயும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். மேல் ரப்பரைப் புதுப்பித்த ரீட்ரெடிங் டயரைப் பின்னால் மட்டும்தான் போடுவேன். பட்டை வேலைக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள், ஆகவே பட்டை அடிப்பவர், புஷ் மாற்றுபவர், பாடி கட்டுபவர் எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். இதே வேலைகளுக்கு வேறு மாவட்டத்து நண்பர்கள் கொடுக்கும் கூலியைக் கேட்டால் நம் ஊரின் அருமை புரியும்.

காகிதச் செலவில்தான் பழைய வண்டிக்காரனுக்குச் சலுகையே கிடையாது. சரக்கு வண்டிக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, மொத்த எடையைத்தான் பார்க்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் நேற்று வாங்கியதற்கும் என்னுடையதற்கும் அடிப்படைத் தொகை ஒன்றே: 16,049 ரூபாய், அதற்கு மேல் வரி. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்கிற எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. எஃப்.சி. என்றால் கட்டணம் மட்டும் அல்லவே. பெயிண்ட், டிங்கர் வேலை என்று நான்கு நாள் வண்டி நிற்கும். 15 வயது தாண்டிய சரக்கு வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு கூடிவிட்டது. என் வண்டிக்கு 2026-ல் 15 நிறைகிறது.

நோட்டில் செலவாக ஏறாத ஒன்று உண்டு. கடந்த ஆண்டு வண்டி 19 நாள் நின்றது. அதில் 13 நாள் நானே திட்டமிட்டு, எஃப்.சி.க்காகவும், தோட்டத்தில் வேலை குறைந்த ஜூன், ஜூலையிலும் நிறுத்தியது. ஆறு நாள்தான் எதிர்பாராமல் நின்றது. 2019-ல் அந்தக் கணக்கு தலைகீழ். 34 நாளில் 30 நாள் எதிர்பாராமல் நின்றவை. ஒரு நாள் நின்றால் வாடகையில் 2,800 ரூபாய் போகிறது, அதோடு பக்கத்துத் தோட்டக்காரர் வேறு வண்டியைக் கூப்பிடப் பழகிவிடுகிறார். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காபி அறுவடை நடக்கும்போது பழம் பறித்து வைத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருக்க யாராலும் முடியாது. பழைய வண்டி எவ்வளவு தின்கிறது என்பதை அந்த மூன்று மாதங்களை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

புதிய வண்டியையும் விசாரித்தேன். 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் சேலத்தில் இரண்டு ஷோரூம்களில் விலை கேட்டேன். சாலைக்கு வரும்போது 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டினாலும் ஐந்து ஆண்டுக்கு மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் தவணை. ஆண்டுக்கு 2,16,000. என் வண்டியின் 86,000-ல் இன்சூரன்ஸ், ஆயில், டயர் எல்லாம் புதிய வண்டிக்கும் உண்டு. அவற்றைக் கழித்துப் பார்த்தால், வண்டி பழையது என்பதற்காக மட்டும் நான் கொடுப்பது ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாக்கில்தான். வரிக் குறைப்பு டயருக்கும் உதிரிப்பாகங்களுக்கும் சேர்ந்தே வந்ததால் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். வாரம் ஐந்து நடை ஓடும் எனக்கு இது கட்டுப்படியாகிறது. தினம் இரண்டு நடை ஓட்டி, வண்டி வாடகையை மட்டும் நம்பிப் பிழைப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் புதியதுதான் வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் விலை பேசும் முன் வண்டியை லோடுடன் மலை ஏற்றிப் பாருங்கள். சமதளத்தில், சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றி ஓட்டிக் காட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏறியதும் என்ஜினை அணைக்காமல் வெப்பமானி முள்ளைப் பாருங்கள், இறங்கியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை வைத்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

என் வண்டிக்கு அடுத்த எஃப்.சி. மார்ச்சில். அறுவடை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பின் பிரேக் ஹோஸ் இரண்டும் எட்டு வயதாகிவிட்டன, வெளியே வெடிப்பு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை கோரிமேட்டில் விடுகிறேன், புதன்கிழமை மாலை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக்.