பன்னிரண்டாம் இரவு விருந்து, ஆளுக்கு 65 பவுண்டு: போகலாமா?

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஜனவரி முதல் வாரத்தில் பழைய மண்டபங்கள், கிராமத்து விடுதிகள் என்று பல இடங்களில் 'இடைக்காலப் பன்னிரண்டாம் இரவு விருந்து' நடத்துகிறார்கள், அதாவது கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்களில் கடைசி இரவை ஐரோப்பாவின் மத்திய காலத்து முறையில் கொண்டாடுகிற விருந்து. ஹியர்ஃபோர்ட்ஷயரில் மரச்சட்டம் போட்டுக் கட்டிய ஒரு பழைய விடுதியில் நடந்த விருந்துக்கு இந்த முறை போயிருந்தேன். ஆளுக்கு 65 பவுண்டு, அதில் சூடான பானம் ஒரு கோப்பை அடக்கம், மற்ற மதுவுக்குத் தனியாகக் காசு. கேக்குக்கும் முகமூடி ஆட்டத்துக்கும் மட்டுமே அந்தக் காசைக் கொடுக்கலாம், தாராளமாகப் போங்கள். ஆனால் "இன்றோடு கிறிஸ்துமஸ் முடிந்தது, இடைக்காலத்திலும் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அது சரியில்லை, அந்தக் காலத்து மக்கள் கொண்டாடிய விதத்தைப் பாதியில் வெட்டிவிடுகிற பேச்சு அது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே அமைப்பில்தான் பல இடங்களிலும் நடத்துகிறார்கள், நீங்கள் எங்கே முன்பதிவு செய்தாலும் இந்த விவரங்கள் உதவும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கிறிஸ்துமஸ் முதல், குழந்தை இயேசுவை மூன்று அரசர்கள் வந்து வணங்கியதைக் கொண்டாடும் மூவரசர் திருநாளான ஜனவரி 6 வரைக்குமான நாட்களைப் புனித காலமாகக் கொண்டாட வேண்டும் என்பது 567ஆம் ஆண்டு பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் காலத்திலேயே வந்துவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசர் ஆல்ஃபிரட் சட்டம் எழுதியபோது சுதந்திரக் குடிகளுக்குக் கிறிஸ்துமஸையொட்டிப் பன்னிரண்டு நாள் ஓய்வு என்று எழுதிவைத்தார், அடிமைகளுக்கு அது கிடையாது. நடுக்குளிர்காலம், நிலம் இறுகிக் கிடக்கும், உழவும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாள் கூத்தின் உச்சம்தான் இந்தக் கடைசி இரவு. டிசம்பர் 25க்கே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுகிற இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிர், அவர்கள் பெரிய விருந்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்கள்.

சரி, மண்டபம். நீள மேசைகள், பெஞ்சுகள், மேலே விட்டமெல்லாம் ஹாலியும் ஐவியும் ரோஸ்மேரியும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், உள்ளே நுழைந்ததும் பச்சிலை வாசனை. முள்கரண்டி கிடையாது, கத்தியும் கரண்டியும் மட்டும், இடைக்கால மேசையில் அப்படித்தான். தட்டுக்குப் பதிலாகக் கெட்டியாகிப்போன ரொட்டித் துண்டு. அதன்மேல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, குழம்பு ஊறிய ரொட்டியை அந்தக் காலத்தில் வாசலில் நிற்கிற ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். இங்கே ரொட்டியைக் கூடையில் சேர்த்து எடுத்துப்போனார்கள்.

சாப்பாட்டில் பாதி அருமை, பாதி கோட்டைவிட்டது. உடைத்த கோதுமையைப் பாதாம் பாலில் குழைய வேகவைத்துக் குங்குமப்பூ போட்ட ஃப்ரூமென்டி என்ற கஞ்சியை மான் கறியோடு கொடுத்தார்கள், இதுதான் நிஜமான இடைக்காலப் பெருவிருந்துச் சாப்பாடு, ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். கறியின் குழம்பில் இருந்த மசாலாவைத் தமிழ் ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்: சுக்கு, கிராம்பு, ஜாதிபத்திரி, அப்புறம் திப்பிலி, சிற்றரத்தை. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் சுமார் 1390இல் தொகுத்த குறிப்புகளில் இவையெல்லாம் வருகின்றன. இங்கிலாந்துச் சமையல் என்றாலே காரசாரம் இல்லாதது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தட்டு போதும், மலபார் மிளகு அலெக்சாண்டிரியா, வெனிஸ் வழியாக லண்டன் வரைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது, லண்டனில் மிளகு வியாபாரிகளுக்கென்றே 1180லேயே ஒரு சங்கம் இருந்தது.

கோட்டைவிட்ட இடம் இது: பக்கத்திலேயே வறுத்த உருளைக்கிழங்கு, இன்னொரு தட்டில் வான்கோழிக் கால். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தில் யாரும் பார்த்ததுகூடக் கிடையாது. வேறு ஏதாவது விருந்து என்றால் பொறுத்துக்கொள்ளலாம், 'இடைக்காலம்' என்று அச்சடித்து அதற்கென்றே காசு வாங்கும்போது உறுத்துகிறது. சைவம் கேட்டவர்களுக்கு அதே உருளைக்கிழங்கோடு சீஸ் வைத்துக் கொடுத்ததுதான் இன்னும் வருத்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இறைச்சியைத் தொடாமல் சமைத்துப் பழகிய மக்கள் அவர்கள், பாதாம் பாலும் பட்டாணியும் வெங்காயமும் மூலிகைகளும் வைத்து எத்தனையோ செய்திருக்கிறார்கள். கோதுமைக் கஞ்சியையே கறியில்லாமல் கொடுத்திருந்தால்கூட வயிறும் நிறைந்திருக்கும், சரித்திரமும் பிழைத்திருக்கும்.

இப்போது கேக். இதற்காகவே மறுபடியும் போவேன். சர்க்கரைப் பூச்சு பூசிய பிற்காலக் கேக் இல்லை, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, உலர்ந்த திராட்சையும் ஜாதிக்காயும் சேர்த்த, ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவில் இருக்கிற ஒரு வட்டம். உள்ளே காய்ந்த மொச்சை ஒன்றைப் புதைத்திருந்தார்கள். யார் துண்டில் மொச்சை வருகிறதோ அவர்தான் அன்றிரவுக்கு ராஜா. இது வெறும் பிள்ளை விளையாட்டு இல்லை: 14ஆம் நூற்றாண்டில் இரண்டாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்குகளில், மொச்சை ராஜா ஆனவருக்கு வெள்ளிப் பாத்திரம் பரிசு கொடுத்த செலவு எழுதியிருக்கிறது. நிஜ ராஜாவின் வீட்டிலேயே ஒரு ராத்திரிக்கு வேறொருவர் ராஜா. எங்கள் மேசைக்கு எதிர் மேசையில் பத்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, "பாட்டி, பல்லில் ஏதோ தட்டுது" என்று வாயைப் பொத்திக்கொண்டது. பாட்டி கைக்குட்டையை நீட்ட, அதில் பழுப்பு நிறத்தில் ஒரு மொச்சை. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. காகிதக் கிரீடம் வரும் என்று நினைத்தால், ஹாலிக் கிளையை வளைத்துப் பட்டுத்துணி சுற்றி நன்றாகச் செய்த கிரீடத்தையே கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குழந்தையின் முதல் கட்டளை, விடுதிக்காரர் உட்கார வேண்டும், அவருக்கு அவள் பாட்டி பரிமாற மாட்டார், அவரே பாட்டிக்குப் பரிமாறிவிட்டுத்தான் உட்காரலாம். விடுதிக்காரரும் மறுபேச்சில்லாமல் செய்தார். மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் ஒரு ராத்திரி மாறவேண்டும் என்பதுதானே இந்த வழக்கத்தின் உயிர், அதை யாரும் விளக்கிச் சொல்லாமலே அந்தப் பிள்ளை பிடித்துவிட்டாள். (பல் ஆடுகிறவர்கள் கேக்கை மெதுவாகக் கடிக்கவும். முன்னாலேயே எச்சரிக்கிறார்கள், ஆனால் சத்தத்தில் காதில் விழாது.)

அடுத்தது முகமூடிக்காரர்கள். விளக்கைக் குறைத்தார்கள், எக்காளம் ஊதியது, கதவு திறந்து பத்துப் பன்னிரண்டு பேர் முகமூடியோடு வந்தார்கள், ஒருவர் பேரரசர் வேடம், ஒருவர் போப்பாண்டவர், சிவப்பு அங்கியில் சிலர் கார்டினல்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நேராக மொச்சை ராஜாவிடம் போய், மேசையில் ஒரு ஜோடி தாயக்கட்டையை வைத்துவிட்டு, ஆடலாமா என்று கையால் கேட்டார்கள். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் சிலிர்த்துப்போனேன். 1377இல், பிப்ரவரி 2ஆம் தேதித் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு இரவு, லண்டன் நகரத்தார் 130 பேர் இதே வேடங்களில் குதிரையேறி, நியூகேட்டிலிருந்து சீப்சைடு வழியாகப் பாலத்தைத் தாண்டி, கென்னிங்டன் அரண்மனையில் தாயோடு இருந்த இளவரசர் ரிச்சர்டைப் பார்க்கப் போனார்கள். பேசாமல் தாயக்கட்டையை வைத்தார்கள். கட்டையைத் தயார் செய்ததே இளவரசர் எப்போது உருட்டினாலும் ஜெயிக்கும்படிதான்: பொற்கிண்ணம், பொற்கோப்பை, பொன் மோதிரம் என்று ஒவ்வொன்றாக வென்றார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஆடினார்கள். ரிச்சர்ட் பிறந்ததே மூவரசர் திருநாளில், 1367 ஜனவரி 6, அந்த மாதம்தான் பத்து வயது முடிந்திருந்தது, ஜூன் மாதம் இரண்டாம் ரிச்சர்டாக அரியணை ஏறிவிட்டார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று எங்கள் முன்னால் மூன்று முறை உருட்டி மூன்று முறையும் ஜெயித்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் பாட்டியைத் திரும்பிப் பார்த்தது. தேர்ந்தெடுத்து வைத்ததுபோல அமைந்துவிட்டது, இந்த அதிர்ஷ்டம் எல்லா இரவும் வாய்க்காது, ஆனால் யாருக்கு மொச்சை வந்தாலும் இந்த ஆட்டம் பார்க்கத் தகுந்தது.

பானம் பற்றி. வறுத்து வெடித்த ஆப்பிளைச் சூடான ஏல் என்ற பீர் வகையில் குழைத்து, ஜாதிக்காயும் சுக்கும் சர்க்கரையும் போட்ட 'லேம்ப்ஸ் வூல்'. மேலே ஆப்பிள் நுரை வெள்ளையாகப் பொங்கி நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, கசப்புக்காகப் போடுகிற ஹாப்ஸ் என்ற பூ தூக்கலான பீரைச் சூடாக்கினால் கசந்துவிடும், வேறொரு இடத்தில் அப்படிக் குடித்து முகம் சுளித்திருக்கிறேன். இங்கே ஹாப்ஸ் குறைவான ஏலாகப் பார்த்து எடுத்திருந்தார்கள், அதுதான் பொருத்தமும்கூட, இங்கிலாந்தின் பழைய ஏலில் ஹாப்ஸ் கிடையாது, ஹாப்ஸ் போட்ட பீர் கடல் தாண்டி வந்து பரவியதெல்லாம் இடைக்காலத்தின் கடைசியில்தான். பெரிய மரக்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்று "வாசேல், வாசேல், வாசேல்" (நலமாயிரு என்ற பழைய வாழ்த்து) என்று மூன்று தடவை குரல் கொடுக்க, ஓரத்தில் நின்ற பாடகர்கள் பாட்டால் பதில் சொன்னார்கள். ஏழாம் ஹென்றி அரண்மனைக்கு 1494இல் எழுதிய விதிமுறையில் இருப்பது அப்படியே இதுதான். செய்தவர்கள் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

பிறகு தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஆப்பிள் மரக்கிளையில் சைடர் என்ற ஆப்பிள் மதுவில் நனைத்த ரொட்டியை மாட்டி, தகரத்தைத் தட்டி ஆர்ப்பரிக்க வைத்தார்கள். குளிர் கடுமை, கையுறை அவசியம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இதையும் இடைக்காலம் என்று சொன்னது மிகை, தோட்டத்து மரங்களுக்கு இப்படிச் செய்ததற்கான முதல் பதிவு கென்ட்டில் ஃபோர்ட்விச் என்ற ஊரில் 1585இல்தான் வருகிறது.

இனி பெரிய குறை. விருந்து முடிந்ததும் விட்டத்திலிருந்த பச்சிலையையெல்லாம் அறுத்துக் கீழே போட்டு, "இன்றிரவுக்குமேல் ஒரு இலை வீட்டில் இருந்தாலும் கெட்டகாலம், இடைக்கால நம்பிக்கை" என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். எனக்கு மனசே ஆறவில்லை. 1444 பிப்ரவரி 1 இரவு லண்டனில் பெரும் புயலும் இடியும் மின்னலும் வந்து செயின்ட் பால் தேவாலயக் கோபுரம் தீப்பிடித்தது. மறுநாள் விடியும் நேரத்தில், கார்ன்ஹில்லில் லெடன்ஹால் பக்கம், கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்காக நட்டு ஹாலியும் ஐவியும் ஆணியடித்து வைத்திருந்த மரக்கம்பம் பிடுங்கி எறியப்பட்டது என்று லண்டன் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ 1598இல் எழுதியிருக்கிறார். பிப்ரவரி 2 வரைக்கும் நகரத்தின் நட்டநடுத் தெருவில் கிறிஸ்துமஸ் அலங்காரம் நின்றிருக்கிறது என்றுதானே அர்த்தம்! பிப்ரவரி 2, குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாக்கிய நாள், கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாவது நாள், கேண்டில்மஸ். மெழுகுவர்த்திகளை மந்திரித்து ஊரே கையில் ஏந்திப் பவனி வரும். அதுதான் உண்மையான முடிவு.

நடுவில் இருக்கிற நாட்களும் சும்மா போகவில்லை. மூவரசர் திருநாளுக்குப் பிறகு வரும் முதல் திங்கட்கிழமை ஏர்த் திங்கள், உழவுக்குத் திரும்புகிற இளவட்டங்கள் கலப்பையைத் தெருத்தெருவாக இழுத்துப்போய்க் காசு வசூலிப்பார்கள், 15ஆம் நூற்றாண்டில் பல ஊர்க் கோயில்களில் கலப்பைக்கென்றே தனி விளக்கு எரிந்தது, அதன் செலவுக்கும் இந்த வசூல் போனது. வேலைக்குத் திரும்புவதையே ஒரு விழாவாக்கிக்கொண்டார்கள். பண்டிகையைப் படிப்படியாகக் கீழே இறக்கி வைக்கத் தெரிந்த மக்கள், ஒரே ராத்திரியில் துடைத்துப்போட்டவர்கள் இல்லை. இந்த விருந்து பன்னிரண்டாம் இரவை அவ்வளவு அழகாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டது அநியாயம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கதவோரப் பெஞ்சைத் தவிர்க்கவும், முகமூடிக்காரர்கள் வரும்போது திறக்கிற கதவு பானம் வரும்வரை திறந்தேதான் கிடக்கும். மேல்மேசைக்கு எதிரில் இடம் கிடைத்தால் தாயக்கட்டை தெளிவாகத் தெரியும். முதுகுவலிக்காரர்கள் சாய்மானம் உள்ள நாற்காலியை முன்கூட்டியே கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். 65 பவுண்டு அதிகம் என்று தோன்றுகிறவர்கள் ஜனவரி 6 அன்று (அது ஞாயிறு என்றால் முந்தைய நாள்) லிங்கன்ஷயரில் ஹாக்ஸி ஊருக்குப் போகலாம், தோல் உருளை ஒன்றை ஊரே கூட்டமாக நெட்டித் தள்ளி மதுவிடுதிகளில் ஒன்றுக்குக் கொண்டுபோகும் ஆட்டம், வேடிக்கை பார்க்கக் காசில்லை, ஆனால் சகதிக்குத் தயாராகப் போங்கள். ஏர்க்கால விழா பார்க்க ஆசை என்றால் கேம்பிரிட்ஜ்ஷயரில் விட்டில்சி, உடம்பெல்லாம் வைக்கோல் சுற்றிய கரடி ஆடிக்கொண்டு வரும், நின்றுபோயிருந்ததை 1980இல் திரும்பத் தொடங்கினார்கள்.

விடுதிக்காரருக்கு இதையெல்லாம் விளக்கமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்: உருளைக்கிழங்கையும் வான்கோழியையும் எடுத்துவிடுங்கள், சைவத்துக்குக் கோதுமைக் கஞ்சி கொடுங்கள், பச்சிலையை அறுக்காமல் பிப்ரவரி 2 வரை விட்டுவைத்து அன்றைக்கு மெழுகுவர்த்தியோடு இன்னொரு இரவு நடத்துங்கள், அதற்கும் 65 பவுண்டு கொடுக்க நான் தயார். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன். இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.