டே கேர் வெப்சைட்டை மாற்றி இரண்டரை வருடம்: எது உதவியது, எது வீண்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்துவது சின்ன டே கேர். பிள்ளைகள் இருபதைத் தாண்டியதில்லை. பழைய வெப்சைட்டைத் தூக்கிவிட்டு, வெப்சைட் செய்ய உதவும் மென்பொருளான வேர்டுபிரஸில் புதிதாகச் செய்து இரண்டரை வருடம் ஆகிறது. புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், அதனால் இவ்வளவு நாள் எழுதவில்லை.

பழையதில் தமிழ் முழுக்க பாமினி எழுத்துரு. நோட்டீஸ் அடிக்க டைப் செய்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் அழகான தமிழ். சேர்க்கை கேட்டு வந்த ஒரு அம்மாவின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னமோ தெரிந்தது. எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரேபோல் தெரிகிற பொது எழுத்துமுறைதான் யூனிகோட்; பாமினி அது இல்லை, ஆங்கில எழுத்துகள் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய ஏற்பாடு. எழுத்துரு இல்லாத போனில் போர்வை விலகிவிடும். கூகுளில் தமிழில் தேடினாலும் நாங்கள் வரமாட்டோம். போதாததற்கு, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளங்களுக்கெல்லாம் குரோம் 2018 ஜூலையிலிருந்து போடும் ‘பாதுகாப்பானது அல்ல’ என்ற எச்சரிக்கை வேறு. பிள்ளையை விட்டுப்போகிற இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை!

புதியதில் நான் அடம்பிடித்து வைத்தது கட்டண விவரம். போடாதீங்க, போனில் சொல்லிக்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போட்ட பிறகு விசாரிக்கும் போன் குறைந்தது உண்மை. ஆனால் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நேரில் வந்துவிடுகிறார்கள். இங்கே பல வீடுகளில் அப்பா வளைகுடாவில் இருப்பார். இராத்திரி அங்கிருந்து கட்டணம், நேரம், மேப் எல்லாம் பார்த்து வைப்பார். மறுநாள் காலையில் பாட்டி பேரனோடு வந்து நிற்பார். அவருக்குத் தமிழ்ப் பக்கம், அவருடைய மகனுக்கு ஆங்கிலப் பக்கம். இரண்டும் வேண்டியிருக்கிறது.

நான் எதிர்பார்க்காமல் அதிகம் பயன்பட்டது, முகப்பில் மேலே ஓடும் ஒற்றை வரி. எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும் “டீச்சர், இன்னைக்கு உண்டா?” என்று ஆறு மணிக்கே போன் தொடங்கிவிடும். காலை ஷிப்டுக்குப் போகும் நர்ஸ் அம்மாக்களுக்கு அது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. இப்போது போனிலேயே ‘இன்று உண்டு’ என்று மாற்றிவிட்டு அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். சரி, வாட்ஸ்அப்பிலேயே சொல்லிவிடலாமே என்பார் என் வீட்டுக்காரர். குழுவில் இல்லாத பாட்டிகளும் மாமாக்களும்தானே பாதி நாள் பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள்!

வீண் என்றால் முகப்பில் சுற்றிய படங்கள்தான். ஒவ்வொன்றும் ஐந்து எம்பி, போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியது. குலசேகரம் பக்கம் சிக்னல் மெலிந்த இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. அப்புறம் சேர்க்கைப் படிவம்: இரண்டரை வருடத்தில் நிரப்பிய பெற்றோரை விரல் விட்டு எண்ணலாம், வந்ததெல்லாம் ஸ்பேம். எடுத்துவிட்டு ‘கூப்பிடுங்கள்’ பொத்தான் மட்டும் வைத்தேன்.

பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைத் தளத்திலிருந்து நீக்கவைத்தது ஒரு பாட்டி. “பிள்ளைக்க படத்தை எடுத்து மாத்து மக்களே, கண்ணு படும்.” எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-இல் வந்த டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இப்போது படுக்கும் அறை, சமையல்கட்டு, கேட், கழிப்பறை ஆகியவைதான் படத்தில். வருகிறவர்களும் அதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

பெரிய அடி டொமைனில், அதாவது தளத்தின் முகவரிப் பெயரில். செய்துகொடுத்த தம்பி தன் மெயிலில் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவருக்கே போக, அவரோ வேலை கிடைத்து வெளியூர் போயிருந்தார். சேர்க்கை நேரத்தில் தளம் மூன்று நாள் இல்லை. கெஞ்சிக் கேட்டு என் பெயருக்கு மாற்ற ஒரு மாதம் ஆனது. அடுத்த புதுப்பிப்பு மார்ச்சில். நினைவூட்டல் இப்போதே என் மெயிலுக்கு வரத் தொடங்கிவிட்டது.