இஸ்தான்புல்: கிராண்ட் பஜாரிலிருந்து எமினோனு வரை ஒரு நடைவழி

15ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் காலத்தில் தொடங்கிய கிராண்ட் பஜார், ஏறத்தாழ 60 தெருக்களைக் கூரைக்குள் அடக்கிய பெருஞ்சந்தை என்றாலும், சுற்றுலாப் பயணிகளுக்காகவே விளக்குகளும் கம்பளங்களும் அடுக்கப்பட்ட அதன் நடுத்தெருக்களைவிட, அங்கிருந்து கடலோரப் பகுதியான எமினோனுவை நோக்கி இறங்கும் மஹ்மூத்பாஷா சரிவையே நான் உயர்வாக மதிப்பிடுவேன். உள்ளூர்க் குடும்பங்கள் திருமண உடைகளுக்கும் அன்றாடத் துணிமணிகளுக்கும் நெருக்கியடித்து வரும் தெரு அது. சரிவின் அடியில் தஹ்தகாலேயின் மொத்த வியாபாரச் சந்துகள் தொடங்குகின்றன.

இவ்வழியின் உச்சம், கடைகளுக்கு மேலே குறுகிய படிகளில் ஏறிச் சேரவேண்டிய ருஸ்தம் பாஷா மசூதிதான். உஸ்மானியப் பேரரசின் கட்டடக் கலைஞர் மிமார் சினான் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இம்மசூதிக்குக் கீழ்த்தளக் கடைகளின் வாடகையே வருமானமாகும்படி திட்டமிடப்பட்டது. வணிகமும் வழிபாடும் இவ்வளவு இயல்பாக இணைந்த கட்டடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. உள்ளே சுவர்களை நிறைக்கும் இஸ்னிக் நகரின் வண்ணப் பீங்கான் ஓடுகளின் நீலத்துக்கும் சிவப்புக்கும் அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மசூதிக்கு அருகிலுள்ள வாசனைப் பொருள் சந்தைக்குள் வாங்குவதைவிட, அதன் வெளிப்புறத் தெருக்களில் விலை விசாரிப்பது நல்லது. 1871இல் தொடங்கிய மெஹ்மத் எஃபெந்தி காப்பிக் கடையின் மூலையில் புதிதாக அரைத்த தூளுக்கு நிற்கும் வரிசை வேகமாகவே நகரும். ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் பஜார் மூடியிருக்கும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். முதியவர்கள் உடன் வந்தால் மேலிருந்து கீழாகவே நடக்கவேண்டும்.