ஆறுமணிக்குருவியும் லைட்ரூம் டீநாய்ஸும்: இரண்டு வலசைக் காலம் பயன்படுத்திய பிறகு

ஆறுமணிக்குருவிக்கு நம் ஆட்கள் சும்மா அந்தப் பெயர் வைக்கவில்லை. காலை ஆறு மணியை ஒட்டி ஒரு தடவை, மாலை ஆறு மணியை ஒட்டி ஒரு தடவை விசில் அடிக்கும், மற்ற நேரமெல்லாம் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். கேமராவுக்கு வெளிச்சம் போதாத அந்த இரண்டு வேளையில்தான் அது எங்கே இருக்கிறது என்றே தெரியும். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் தெற்கே வருகிறது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு பழைய மாந்தோப்பு இருக்கிறது, அங்கே வருடா வருடம் ஒன்றாவது வந்து தங்கும். மேகமூட்டம், மாமர நிழல், மாலை ஐந்தே முக்கால். இருட்டில் எடுத்த படத்தில் பொட்டுப் பொட்டாக விழும் நாய்ஸைக் குறைக்கும் மென்பொருளைச் சோதிக்க இதைவிடக் கடினமான இடம் எனக்குத் தெரியாது.

நான் வைத்திருப்பது நிக்கான் டி7500, கூடவே 200-500 எஃப்/5.6 லென்ஸ். கேமராவை முழுக்க மேனுவலில் வைத்து, 500 மில்லிமீட்டரில், ஷட்டர் 1/100, அப்பர்ச்சர் முழுசாகத் திறந்து 5.6, அப்படியும் ஐ.எஸ்.ஓ (விழுந்த ஒளியைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்ற எண்) 6400 கேட்கிறது. இருட்ட இருட்ட 12800. லென்ஸே 2.3 கிலோ, அதைக் கையில் பிடித்துக்கொண்டு 1/100-இல் எடுப்பது நடக்காத காரியம், அதனால் அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்துப் படுத்துக்கொண்டு எடுப்பேன். குருவி நாலு தத்து தத்தும், அப்புறம் ஒரு நொடி சிலை மாதிரி நிற்கும். அந்த ஒரு நொடியில் எட்டுப் படம் அடித்தால் ஒன்றாவது அசையாமல் விழும்.

அப்படி விழுந்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் வயிறு எரியும். முதுகுப் பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டியது போல ஒரு கருப்புப் பட்டை. இந்தியில் இதை நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறம். 6400-இல் அந்தக் கருப்புப் பட்டைக்குள் ஊதாவும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாக நிற்கும், பச்சை மங்கிப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். பழைய நாய்ஸ் ஸ்லைடரை ஏற்றினால் பொட்டு போகும், கூடவே இறகும் போகும், குருவி மெழுகில் செய்தது போல ஆகிவிடும். பல வருடம் இதோடுதான் காலம் தள்ளினேன்.

அடோபி 2023 ஏப்ரலில் தன் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் டீநாய்ஸ் என்ற வசதியைச் சேர்த்தது. அது ஏன் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் பதிகிறது, மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. பழைய முறையில் இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் நாய்ஸைத் தொடுவார்கள், அதற்குள் ஒரு புள்ளியின் பிழை பக்கத்துப் புள்ளிகளுக்கும் பரவியிருக்கும். டீநாய்ஸ், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்து அந்த மூலத் தகவலையே எடுத்து, நிறத்தை நிரப்புவதையும் நாய்ஸை நீக்குவதையும் ஒரே வேலையாகச் செய்கிறது. நாய்ஸ் உள்ளதும் இல்லாததுமாக ஏகப்பட்ட படத் துண்டு ஜோடிகளைக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஜேபெக்கில் நிறம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும், அதனால்தான் அதில் இது ஓடுவதில்லை. ரா எடுக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த விமர்சனத்தில் ஒன்றும் இல்லை, முதலில் கேமராவில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

முதல் தடவை ஓட்டிய படம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 6400-இல் எடுத்தது, ஸ்லைடர் அது தானாகக் காட்டும் 50-இலேயே இருந்தது. கருப்புப் பட்டை கருப்பாக நின்றது, தோள் நீலத்தில் ஒவ்வொரு இறகின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தது, பின்னால் இருந்த சருகு வழுவழுவென்று கண்ணை உறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டது. கேமராவை மாற்றாமலே ஐ.எஸ்.ஓவில் இரண்டு படி (ஒரு படி என்றால் பாதி) இறங்கியது போல இருந்தது. என் கண்ணுக்குப் பட்ட கணக்கு அது, அளந்து பார்த்ததில்லை. இருந்தாலும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறினால் கிடைப்பது ஒரு படிக்குக் கொஞ்சம் மேல்தான், அதற்கு ஆகும் பணத்தை யோசித்தால் இது பெரிய விஷயம்.

ஆனால் ஸ்லைடரை 50-க்கு மேல் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை. பெரும்பாலும் 35, 40-இல் நிறுத்திவிடுகிறேன். காரணம் பக்கி. இருட்டிய பிறகு மண்பாதையில் உட்காருமே, அந்தப் பறவை. அதன் உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பழுப்பும் சாம்பலும் கருப்பும் கலந்த கோலம், அந்தக் கோலமே பார்க்க நாய்ஸ் மாதிரிதான் இருக்கும். தவளைவாயன் என்ற இரவுப் பறவையும் அப்படித்தான். எது இறகு எது நாய்ஸ் என்று மனிதக் கண்ணுக்கே குழப்பம் வரும் இடத்தில் மென்பொருள் ஏதோ ஒரு பக்கம் முடிவெடுத்தே ஆக வேண்டும். சில இடத்தில் உண்மையான கோலத்தை மழித்துவிடும், சில இடத்தில் இல்லாத கோட்டைத் தானே போட்டுவிடும். இப்படிப் பழக்கப்பட்ட எல்லா மென்பொருளுக்கும் இந்தக் குணம் உண்டு. படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை. பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் ஏற்றி இனம் பிரிக்கப்போகிறீர்கள் என்றால், பக்கிகளையும் சின்னக் கதிர்க்குருவிகளையும் சுத்தம் செய்யாத அசல் படத்தோடு சேர்த்தே ஏற்றுங்கள். பின்னால் ஒருவர் அந்தக் கோட்டை நம்பித்தான் பெயர் சொல்லப்போகிறார்.

இன்னொன்று, இதை வாங்கிய பிறகு பலர் செய்யும் தப்பு. எப்படியும் சரி செய்துவிடும் என்று வெளிச்சம் குறைவாகவே எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அல்லது ஐ.எஸ்.ஓவுக்குப் பயந்து 1600-இல் வைத்து இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்குகிறார்கள். நாய்ஸுக்கு முக்கியக் காரணம் ஐ.எஸ்.ஓ எண் இல்லை, சென்சாரில் விழுந்த ஒளி குறைவு என்பதுதான். தூறல் போடும்போது முற்றத்தில் பத்துத் தட்டை வைத்துப் பாருங்கள், ஒன்றில் ஏழு துளி விழும், பக்கத்துத் தட்டில் மூன்று விழும். அடைமழையில் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் நிற்கும். ஒளியும் அப்படித்தான், நாலு மடங்கு ஒளி சேர்ந்தால் படத்தோடு ஒப்பிட்ட நாய்ஸ் பாதியாகும். அதனால் ஷட்டரை எவ்வளவு மெதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வையுங்கள், எட்டுக்குப் பதில் இருபது படம் எடுத்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமோ ஐ.எஸ்.ஓவைத் தைரியமாக ஏற்றுங்கள். இருட்டாக எடுத்துத் தூக்கினாலும் அதே நாய்ஸ்தான் வரும், சில கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும். 12800-இல் நன்றாக ஒளி வாங்கிய படத்தை டீநாய்ஸ் காப்பாற்றிவிடுகிறது. ஒளியே வாங்காத படத்தில் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கணினி விஷயத்துக்கு வருகிறேன். முழு வேலையும் கிராபிக்ஸ் கார்டு தலையில்தான் விழுகிறது. எட்டு ஜிபி கார்டு உள்ள வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரு படத்துக்கு அரை நிமிடம் கூட ஆவதில்லை. தனிக் கார்டு இல்லாத என் பழைய லேப்டாப்பில் ஒரே படத்தைப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நூறு படத்தையும் ஓட்டாமல், முதலில் கழித்துக்கட்டி நாலைந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு டிஎன்ஜி ஃபைல் (அடோபியின் ரா வடிவம்) உருவாகும், அசலைவிட மூன்று நான்கு மடங்கு பெரியது, ஹார்ட் டிஸ்க் கண்ணெதிரே நிரம்பும். 2025-இல் வந்த பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை இல்லை, அசல் ஃபைலின் மேலேயே ஸ்லைடராக நிற்கிறது, பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம் குறைக்கலாம். வரிசையும் முக்கியம், படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த மாஸ்க் போடுவதற்கும் கறை நீக்குவதற்கும் முன்னாலேயே டீநாய்ஸை முடித்துவிடுங்கள்.

லைட்ரூமின் மாதச் சந்தா பிடிக்காதவர்களுக்கு டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா என்ற நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இருக்கிறது. நண்பர் ஒருவரின் கணினியில் அதில் என் படங்களையே ஓட்டிப் பார்த்தேன். 12800-க்கு மேல் போனால் இறகின் நுணுக்கம் அதில் ஒரு பிடி கூடுதலாகத் தெரிகிறது, லென்ஸின் குறைகளையும் சேர்த்தே திருத்துகிறது. மொத்தமாகப் பணம் கட்டி வாங்குவது. லைட்ரூமுக்கு ஏற்கெனவே சந்தா கட்டுபவர் அதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஆந்தை, பக்கி என்று ராத்திரியிலேயே சுற்றுபவராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். காசே செலவழிக்க முடியாதென்றால் டார்க்டேபிள் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம், அதன் நாய்ஸ் கருவி அந்தந்தக் கேமராவுக்கென்று அளந்து வைத்த கணக்கை வைத்து வேலை செய்கிறது, 3200 வரைக்கும் எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

போன மார்கழியில் எடுத்த ஆறுமணிக்குருவி படம் ஒன்றை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டேன். ஐ.எஸ்.ஓ 8000, டீநாய்ஸ் 40. திரையில் மிச்சமாகத் தெரிந்த லேசான மணல்தன்மை அச்சில் தெரியவே இல்லை, அதனால் அச்சுக்குப் போகிற படத்தை ரொம்பச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். அம்மாவிடம் காட்டினேன். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முப்பது வருடமாக அந்தக் குரலைக் கேட்பவர், பறவையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நிறமெல்லாம் சரிதான்டா, ஆனா அது வர்ற நேரத்துல இவ்வளவு வெளிச்சம் ஏது?" என்றார். நாய்ஸ் போன சந்தோஷத்தில் எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டே போயிருந்தேன். ராத்திரியே திரும்ப உட்கார்ந்து ஒரு படிக்கும் மேல் இறக்கினேன், மாமர நிழலை இருட்டாகவே விட்டேன், வாலடிச் சிவப்பு மட்டும் கொஞ்சம் மினுங்கியது. இரண்டாவது அச்சுதான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது.