சித்தப்பாவின் லைற்றருக்கு எதை ஊற்றுவது?

போன வருடம் ஆவணியில் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா எனக்கொரு சிப்போ லைற்றர் கொண்டுவந்தார். பித்தளை உடம்பு. மூடியைத் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம், அதற்காகவே நாலு தரம் திறந்து மூடலாம். லைற்றர் வந்தது, எண்ணெய் வரவில்லை. லைற்றர் எண்ணெயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். காய்ந்த லைற்றரோடு கட்டுநாயக்காவில் இறங்கி, காய்ந்த லைற்றரோடேயே கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தார். "இஞ்ச கடையில வாங்கலாம்தானே" என்றார். நான் கேட்ட கடைகளில் எல்லாம் காஸ் குப்பியைத்தான் எடுத்து நீட்டினார்கள். அது வேறு சாதி லைற்றருக்கு. திரி வைத்த லைற்றருக்கு ஆகாது.

நான் சிகரெட் பிடிப்பதில்லை. எங்கள் வயல் ஒட்டுசுட்டான் பக்கம். கதிர் முற்றுகிற காலத்தில் இரவுக் காவலுக்குப் போகவேண்டும், யானை வரும். யானை வெடியின் திரியைக் காற்றுக்குள் நின்று கொளுத்தவேண்டும். பாவித்துவிட்டு எறிகிற பிளாஸ்ரிக் லைற்றர் வாடைக் காற்றில் மூன்று தரம் அணையும், நாலாம் தரம் பெருவிரலைச் சுடும். சிப்போவில் திரியைச் சுற்றி ஓட்டை போட்ட தகரக் கூடு இருக்கிறது. 1930களில் பென்சில்வேனியாவின் பிராட்போர்ட்டில் ஜோர்ஜ் பிளெய்ஸ்டெல் இதைச் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. காற்றில் சுவாலை படுக்கும், அணையாது. எனக்கு வேண்டியது அதுதான்.

சரி, எதை ஊற்றுவது? ஆறு மாதத்தில் நாலைந்து சாமானை ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஊற்றியது கையில் இருந்ததை, பெற்றோலை. மோட்டார் சைக்கிளின் குழாயைக் கழற்றி, மருந்துப் போத்தல் மூடியில் கொஞ்சம் பிடித்து, அடிப்பக்கத்துக் கம்பளித் துண்டைத் தூக்கிப் பஞ்சுக்குள் விட்டேன். ஒரே தட்டில் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் சிப்போ வைத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்களும் லைற்றர் எண்ணெய் கிடைக்காத இடத்தில் பெற்றோலைத்தான் விட்டார்களாம். நானும் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பரந்தன் சந்தி வரைக்கும்தான். அளவுக்கு மிஞ்சி ஊற்றியிருக்கிறேன். காற்சட்டைப் பைக்குள் கிடந்த லைற்றரிலிருந்து பெற்றோல் ஊறி, துணியோடு சேர்ந்து தொடையில் ஒட்டியிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் லைற்றரின் அளவுக்கே சிவந்த ஒரு நீள்சதுரம், ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், இரண்டு நாள் எரிந்தது. பெற்றோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் என்பது பிறகுதான் உறைத்தது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், "பெற்றோல்தானே, கொஞ்சம் விட்டால் என்ன" என்று கேட்பவர்கள்தான் கூட. விடலாம். விட்ட பிறகு வெளிப்பக்கத்தைத் துடைத்து, கையைக் கழுவி, இரண்டு மூன்று நிமிடம் காயவிட்ட பிறகுதான் தட்டவேண்டும். பைக்குள் வைப்பது அதற்கும் பிறகு.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "மண்ணெண்ணெயை விடன். நாங்கள் அதிலதான் உன்னைப் படிப்பிச்சனாங்கள்" என்றார். உண்மைதான். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கிற அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான் எங்கள் விளக்கு. யோசித்துப் பார்த்தால் சிப்போவின் வயிற்றுக்குள்ளும் அதே பஞ்சும் திரியும்தான். ஊற்றினேன். தட்டினேன். பொறி பறந்தது, திரி பற்றவில்லை. இருபது முப்பது தட்டுக்குப் பிறகு பெருவிரலில் கறுப்புக் கோடு விழுந்ததுதான் மிச்சம். நெருப்புக்குச்சி ஒன்றைக் கொளுத்தித் திரியில் வைத்தேன், அருமையாகப் பற்றி அழகாக எரிந்தது. லைற்றரைப் பற்றவைக்க நெருப்புப்பெட்டி வேண்டுமென்றால் லைற்றர் எதற்கு?

விளக்கம் எங்கள் தெருக்கோடியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் கிடைத்தது. லைற்றரை வாங்கி மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நாங்கள் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள். ஆனா ஸ்ராட் எடுக்கிறதுக்குப் பெற்றோல். காபரேற்றருக்க ரெண்டு சொட்டு விட்டு உதைச்சு, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய். குளிரில மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியில்லாட்டிப் பத்தாது."

அவ்வளவுதான் விசயம். எரிவது எண்ணெய் இல்லை, எண்ணெயின் ஆவி. பொறி பட்டவுடன் பற்றுகிற அளவுக்கு ஆவி வரவேண்டுமென்றால் மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேல் சூடாகவேண்டும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவிலேயே அந்த ஆவி வந்துவிடும். வன்னி வெயில் என்னதான் கொளுத்தினாலும் இரவுக் காவலுக்குப் போகிற தை மாதத்தில் மண்ணெண்ணெய் மசியாது. விளக்கில் அது எரிகிறதே என்றால், அங்கே நெருப்புக்குச்சி திரியைச் சூடாக்கிக் கொடுக்கிறது. லைற்றர் கல்லின் பொறி மின்னி மறைவது, சூடாக்க அதற்கு நேரமில்லை.

இரண்டையும் கலந்தால்? கலந்தேன், பாதிக்குப் பாதி. முதல் நாள் பெற்றோலைப் போலவே நன்றாகப் பற்றியது. மூன்றாம் நாள் பற்றவில்லை. பெற்றோல் பறந்துபோய்விட, பஞ்சில் மண்ணெண்ணெய் மட்டும் குந்திக்கொண்டிருந்தது. அதைக் காயவைக்க லைற்றரைப் பிரித்து இரண்டு நாள் வெயிலில் போடவேண்டியிருந்தது. டீசல் மண்ணெண்ணெயிலும் கனம், அதை ஊற்றிப் பார்க்கவே இல்லை.

ஸ்பிரிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொரோனாக் காலத்துச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வீட்டில் அரைப் போத்தல் கிடந்தது. பற்றும். பெற்றோல் மணமில்லை, கரியில்லை, தொடையும் எரியாது. ஆனால் சுவாலை நீலம். பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மூக்குக்கு நேரே கொண்டுவந்து பார்த்ததில் புருவத்தில் கொஞ்சம் போய்விட்டது. சூடும் குறைவு. அதே நிறைப் பெற்றோல் தருகிற வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மாரிக் காலத்து விடியற்காலையில் ஐந்தாறு தரம் தட்டவேண்டியிருந்தது. கை துடைக்கிற சனிற்றைசரை விடலாமா என்று தம்பி கேட்டான். அதில் மூன்றிலொரு பங்களவு தண்ணீரும் பசையும். அற்ககோல் எரிந்துபோகும், தண்ணீர் பஞ்சில் தங்கும், கல் ஈரமாகும். கடல் நீரில் விளக்கெரிவது வற்றாப்பளை அம்மாள் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில். என் பைக்குள் அந்த அற்புதத்தை எதிர்பார்க்க முடியாது.

பெயின்ற் தின்னரை ஒரே ஒரு தரம்தான் விட்டேன். பற்றியது. மணம் தாங்காமல் அடுத்த நாளே பஞ்சை மாற்றிவிட்டேன், ஆகவே அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆகப் போட்டி உண்மையில் இரண்டுக்கும் இடையில்தான்: பெற்றோல், லைற்றர் எண்ணெய். லைற்றர் எண்ணெய் என்பதும் பெற்றோலியத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான், நப்தா என்பார்கள். கடைசியில் அது யாழ்ப்பாணத்தில் கிடைத்தது, சிகரெட் கடையில் இல்லை, மணிக்கூடு திருத்துகிற ஒருவரிடம். மணிக்கூட்டுப் பல்சக்கரங்களைக் கழுவ அதைத்தான் பாவிக்கிறார்கள். "ஏன் பெற்றோலில கழுவேலாதோ ஐயா?" என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார். "பெற்றோல் காஞ்சாப் பிசின் நிக்கும் தம்பி. இது காஞ்சா ஒண்டும் நிக்காது."

லைற்றருக்கும் முடிவு சொல்வது இந்த ஒரு விசயம்தான் என்பது என் எண்ணம். விலையோ மணமோ சுவாலையின் உயரமோ அல்ல, காய்ந்த பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான். வீட்டுக்கு வந்ததும் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றை எடுத்து, மூன்று மூலையிலும் மூன்று சொட்டு விட்டேன். லைற்றர் எண்ணெய் சில நிமிடத்திலேயே போய்விட்டது, கண்ணாடியில் சுவடில்லை. பெற்றோலும் போனது, ஆனால் சாய்த்துப் பிடித்தால் ஒரு மங்கிய வளையம், தடவினால் விரலில் மெல்லிய வழுவழுப்பு. மண்ணெண்ணெய் பின்னேரம் வரைக்கும் ஈரமாகவே கிடந்தது.

காரணம் இலேசானது. பெற்றோல் ஒரே பொருள் இல்லை. அதில் 30, 40 பாகையில் கொதிப்பதும் உண்டு, 200 பாகையளவில் கொதிப்பதும் உண்டு. எஞ்சினைத் துப்புரவாக வைத்திருக்கச் சேர்க்கிற மருந்துகள் வேறு. எஞ்சினுக்குள் எல்லாம் எரிந்து போகும். லைற்றர் பஞ்சில் இலேசானது பறந்துவிட, கனத்தது தங்கிவிடும். ஒவ்வொரு தரம் ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். லைற்றர் எண்ணெயில் அந்தக் கனத்த வால் இல்லை, முழுவதும் பறந்துபோகிற பகுதிதான்.

இரண்டு மாதம் பெற்றோல் விட்ட பிறகு ஒரு நாள் லைற்றரைப் பிரித்தேன். கல்லைத் தள்ளுகிற ஆணியைக் கழற்றி, கம்பளித் துண்டை இழுத்து, சாமணத்தால் பஞ்சை உருண்டை உருண்டையாக வெளியே எடுத்தேன். வெள்ளையாக உள்ளே போன பஞ்சு தேயிலைச் சாயத்தில் தோய்த்ததைப் போல வந்தது, பழைய வார்னிஷ் மணத்தோடு. திரியின் நுனி கரியால் இறுகி, உள்ளே ஓடுகிற செம்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புகைக்கூட்டின் ஓட்டைகள் கறுப்பு. கல்லோடு உரசுகிற சக்கரத்தின் பற்களுக்குள்ளும் கரி, அதனால்தான் கடைசி நாட்களில் பொறியே குறைந்திருந்தது. திரியைச் சாமணத்தால் கொஞ்சம் இழுத்து நுனியை வெட்டினேன், சக்கரத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அரை நாள் போனது. இப்போது மூன்று மாதமாக லைற்றர் எண்ணெய். போன கிழமை திரும்பவும் திறந்து பார்த்தேன், புதிதாக வைத்த பஞ்சு வைத்த நிறத்திலேயே இருந்தது. ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா என்பதை ஒரு வருடம் கழித்துத்தான் சொல்லலாம்.

விலைதான் உறுத்தும். ஒரு சின்னத் தகரத்தின் காசுக்கு மோட்டார் சைக்கிளில் சில நாள் ஓடலாம். ஆனால் 125 மில்லிலீற்றர் தகரத்தில், ஒரு தரத்துக்கு நாலைந்து மில்லிலீற்றர் என்றால், இருபத்தைந்து தரமாவது நிரப்பலாம். கிழமைக்கு ஒரு தரம் என்றாலும் அரை வருடம். பெற்றோல் மலிவுதான், அதுவும் கிடைக்கிற நாளில். 2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு நாலு லீற்றரை கியூஆர் காட்டி வாங்கின காலத்தில் லைற்றருக்குப் பெற்றோல் விட்டிருந்தால் அம்மா என்னை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார். அதே வருடம் ஆவணியில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. மலிவை நம்பி எரிபொருளைத் தெரிவு செய்வது எங்கள் ஊரில் சரிவராது.

லைற்றர் எண்ணெயின் ஒரே குறை, அதுவும் பறந்துவிடுகிறது. நெருப்பு மூட்டாவிட்டாலும் இங்கத்தைச் சூட்டுக்கு ஐந்தாறு நாளில் காய்ந்துவிடும். அதற்கும் கராஜ் அண்ணைதான் வழி சொன்னார். சைக்கிள் ரியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, உள் லைற்றரும் வெளிக் கூடும் சேர்கிற இடுக்கை மூடுகிற மாதிரி மாட்டிவிட்டேன். பித்தளை லைற்றருக்குக் கறுப்பு இடுப்புப்பட்டி கட்டின மாதிரி, பார்க்க வடிவில்லை. ஆனால் இப்போது பத்து நாள் நிற்கிறது.

வயலில் காய்ந்துபோன இரவில் இப்போதும் மோட்டார் சைக்கிளிலிருந்து இரண்டு சொட்டு விடுவேன், மறைக்கமாட்டேன். யானை நிற்கும்போது பிசினைப் பற்றி யோசிக்க முடியாது.

இந்த ஆவணியில் திரும்ப வருவதாகச் சித்தப்பா போனில் சொன்னார். எண்ணெய் கொண்டுவர ஏதும் வழி இருக்கிறதா என்று பார்க்கிறாராம். "எண்ணெய் வேண்டாம் சித்தப்பா, திரி ரெண்டு கொண்டு வாங்கோ" என்றேன்.