பேச்சுக்கு இரண்டு மதிப்பெண், தீர்மானப் புத்தகத்துக்கு எட்டு: டெல்டா கிராம சபை பற்றி ஒரு மதிப்புரை

கிராம சபைக்குப் போனால் ஊராட்சிச் செயலர் உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். தீர்மானப் புத்தகம் அவர் கையில்தான் இருக்கும். மைக் யாரிடம் போகிறது, யாருக்குச் சால்வை என்பதெல்லாம் கூட்டம் கலைந்ததும் கரைந்துபோகிற சங்கதி. பள்ளிக்கூடம், வீடு, வரி என்று எதைப் பற்றி வாய்ச்சண்டை நடந்தாலும் கடைசியில் அந்தப் புத்தகத்தில் ஏறியதுதான் நிற்கும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்தச் சபை எதற்கு உதவும், எதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் தேதிகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு கூட்டம். நான்காக இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் புது வரவு. தேதி குறித்தவர்கள் டெல்டாவின் சாகுபடியைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அக்டோபர் 2 அன்று ஒரு வயலில் குறுவை அறுவடை, அடுத்த வயலில் சம்பா நடவு. நவம்பர் 1 வடகிழக்குப் பருவமழைக்குள் போய் விழுகிறது. ஜனவரி 26-க்கு சம்பா அறுப்பு ஆரம்பித்திருக்கும். கூட்டம் காலை 11 மணிக்கு என்றால் நடவு ஆட்களும் அறுப்பு ஆட்களும் அந்நேரம் எங்கே இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முக்கியமான விஷயத்தை மே 1 அன்று கொண்டு போங்கள். வயல் வேலை குறைவு, வெயில் ஒன்றுதான் தொல்லை. தப்பினால் மார்ச் 22.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வந்திருக்க வேண்டும். கோவில் மண்டபத்தில் நடத்தக் கூடாது. எந்த மதத்தின் வழிபாட்டு இடமும் ஆகாது. நிழலுக்கு மண்டபத்தை விட்டால் வேறு இடமில்லாத ஊர்களில் இது ஒரு தலைவலிதான், ஆனால் விதி நியாயமானது. மண்டபத்துக்குள் வரத் தயங்குகிறவர்கள் இன்னும் பல தெருக்களில் இருக்கிறார்கள்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள். மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆக, 2,400 பேர் உள்ள ஊராட்சிக்கு நூறு கையெழுத்து வேண்டும். தவறு நடப்பதும் இங்கேதான். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே வரிசையில் நிறுத்தி வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எண்ணிக்கை நிரம்பிவிடும், பேச ஆள் இருக்காது.

அதைவிட மோசமான பழக்கம், தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்து வாங்குவது. "நேரமாச்சு, நீங்க போட்டுட்டுப் போங்க, நான் அப்புறம் எழுதிக்கிறேன்" என்பார் எழுதுகிறவர். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இருக்காது, அலுப்புதான். ஆனால் காலிப் பக்கத்தின் அடியில் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். செய்ய வேண்டியது சின்ன வேலை. தீர்மான எண், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். "மொத்தம் 14 தீர்மானங்கள்" என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம்; "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றால் போதும். புத்தகத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தது இந்த ஐந்து நிமிட வேலையை நம்பித்தான்.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஒரு ஒன்றியத்தில் பல பத்து ஊராட்சிகள் இருக்கும். தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர் எல்லாக் கூட்டத்துக்கும் வர முடியாது, அவருக்குப் பதில் ஒரு பற்றாளர் வருவார். பற்றாளர் வேறு துறைக்காரராகவும் இருக்கலாம். ஊர் விவகாரம் தெரியாமல் இருக்கலாம். அவரிடம் கத்திப் பயனில்லை. கோரிக்கையை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், ஒன்றில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் இருந்த காலத்தில் தெருவில் பார்த்தே கேட்டுவிடலாம். அந்த வசதி போனது பெரிய இழப்பு.

பள்ளிக்கூட விஷயத்துக்கு கிராம சபை நன்றாகவே உதவும், கட்டடம் யார் பொறுப்பு என்று தெரிந்தால். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் கையில். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பள்ளிக்கல்வித் துறையும் பொதுப்பணித் துறையும். "பள்ளிக் கட்டடம் சரிசெய்யக் கோருதல்" என்று ஒற்றை வரி எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். "மேற்குப் பக்க வகுப்பறையில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, ஒன்றியப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, பழுது பார்க்கலாமா இடிக்க வேண்டுமா என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒருவர் பெயர் போட்டுப் பதில் எழுத வேண்டிவரும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி காரையைத் தள்ளிவிடும். துருவைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம். அதனால் தீர்மானத்தில் "பூச்சு வேலை" என்ற சொல் நுழைந்தால் விடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த மண் இது. சமையல் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே எத்தனை அடி, மாடியிலிருந்து இறங்க எத்தனை படிக்கட்டு என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

கழிவறைத் தண்ணீர், சத்துணவு, ஆசிரியர் வராதது போன்றவற்றுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுதான் சரியான இடம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சிறிய குழு, மாதாமாதம் கூடுகிறது, மைக் கிடையாது. பல ஊர்களில் கிராம சபையை விட இதுவே உருப்படியான சபை.

வீட்டு விஷயம் சிக்கலானது. குடிசைக்குப் பதில் வீடு கட்டப் பணம் தரும் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடி தீப்பிடிக்காத வேறு கூரை. பயனாளிகள் பட்டியலை கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர்களை மட்டும் கடகடவென்று வாசித்தால் நிறுத்தி, தெருவாரியாக வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன தெரு உடனே தெரிந்துவிடும். இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் கீற்றைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கடன் வாங்கித் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டவர்கள் இன்று குடிசைக் கணக்கில் வருவதில்லை. சுவர் அதே மண் சுவர், கூரை மட்டும் மாறியிருக்கும். கிராம சபை விதியை மாற்றாது. ஆனாலும் இப்படிப்பட்ட வீடுகளைக் கதவு எண்ணோடு தனிப் பட்டியலாகத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். விதி தளர்ந்தாலோ வேறு வீட்டுத் திட்டம் வந்தாலோ கையில் பட்டியல் இருக்கும்.

பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும்: அடித்தளம், ஜன்னல் மேல்மட்டம், தளம், முடிவு. களிமண் நிலத்தில் அடித்தளத்துக்கே கணக்குக்கு மேல் மணலும் ஜல்லியும் இழுக்கும். அங்கே பணம் தீர்ந்து நிற்கிற வீடுகள்தான் அதிகம். அதைக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்பலாம்.

பட்டா கேட்டு கிராம சபையில் மணிக்கணக்கில் பேசுவது வீண். பட்டா வருவாய்த் துறையின் சமாச்சாரம். அந்தத் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும்; அதற்கு முன், மே, ஜூனில், வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும். உங்கள் வருவாய் கிராமத்துக்கு எந்த நாள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, மனுவோடு போங்கள். கோவில், மடத்து நிலத்தில் அடிமனைக்குப் பகுதி (மனை வாடகை) கட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஜமாபந்தியும் உதவாது. அது அறநிலையத் துறை, மடம், நீதிமன்றம் என்று நீளும் வழக்கு. வீட்டு வரி ரசீது இருக்கிறதே என்பார்கள். வரி ரசீது குடியிருப்புக்குச் சாட்சி, மண்ணுக்குச் சொந்தமில்லை.

வரி என்று வந்தால் ஊராட்சியில் பெரிய சர்ச்சை எழுவது குறைவு. தொகை சிறியது. ரசீதில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலக வரி சேர்ந்திருக்கும். ஊர் நூலகம் எத்தனை நாள் பூட்டியிருந்தது என்று கேட்க அது போதுமான காரணம். நகரத்தோடு ஊராட்சியைச் சேர்க்கும் பேச்சு வந்தால் சூடு பிடிக்கும்: நூறு நாள் வேலை போகும், வரி ஏறும். தீர்மானம் போட்டதோடு நிறுத்தாதீர்கள். அரசிதழ் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் குடும்பம் குடும்பமாகத் தனித்தனி ஆட்சேபணை கொடுங்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளில் கிராம சபைக்கு ஈடாகப் பகுதி சபை: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. சாக்கடை, தெருவிளக்குக்கு சரி. வரிக்கு மூன்று மதிப்பெண்தான். வரியைக் குறைக்கும் அதிகாரம் அங்கே இல்லை. சொத்து வரிக்கு அளவுதான் ஆயுதம். 2022 உயர்வில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பழைய அரையாண்டு வரி 800 ரூபாய் என்று வையுங்கள். வீடு 1,190 சதுர அடி என்றால் 1,200 ரூபாய். 1,210 என்று எழுதிவிட்டால் 1,400. இருபது சதுர அடிக்கு வருடம் 400 ரூபாய். ஆகவே சபையில் பேசுவதைவிட, பதிவேட்டில் உள்ள அளவை வாங்கி டேப் பிடித்து ஒப்பிட்டு, வேறுபட்டால் மறு அளவீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

மீண்டும் கிராம சபைக்கு. தீர்மானம் போட்டு இரண்டு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். இன்ன தேதி, இன்ன எண் தீர்மானத்தின் நகல், அது எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது, அனுப்பிய கடிதத்தின் நகல் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அனுப்பவே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் காகிதத்தையே எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய் மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.